ஆறடி தள்ளி நின்று யார் புரட்டுவது?

"ஆறடி இடைவெளி விடுங்கள்" என்று கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் எல்லோரும் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண். ஆறடி தள்ளி நின்று யார் புரட்டுவது?

உதவிக்கு வந்துகொண்டிருந்த பெண்ணும் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தார்கள்.

தம்பியின் பாடு வேறு. அவனுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பவன். முகக்கவசம் வந்ததும் உலகமே அவனிடம் வாயை மூடிக்கொண்டது. கிட்டே வந்து என் கவசத்தின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டுவான். நான் ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, கவசத்தைக் கழற்றி, கண்ணாடி வழியாகப் பேசுவேன். பாதி நேரம் சண்டைதான் போட்டோம்.

ஒரு நாள் காலையில் அம்மா என்னைப் பார்த்து மிக மரியாதையாக, "யார் நீங்கள்?" என்று கேட்டார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வயதானவர்களிடம் கொரோனா இப்படி மனக்குழப்பமாகவே முதலில் தலைகாட்டலாம் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரைத் தேடினேன். விரல் ஜில்லென்று இருந்ததால் எண் ஏறி இறங்கி விளையாடியது. என் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றிய பிறகு 91இல் நின்றது.

பிழைத்துக்கொண்டார். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அம்மாவைப் புரட்ட நினைவூட்டும் எங்கள் வீட்டு அலாரத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இதோ, அடிக்கிறது. வருகிறேன்.