வைவா முடிந்த கையோடு: இயற்கை வளத்தில் பிஎச்டி செய்ய வருகிறவர்களுக்கு

போன வாரம் என் பிஎச்டி வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. சின்னத் திருத்தங்களோடு தீசிஸை ஏற்றுக்கொண்டார்கள். மனசு லேசாகிவிட்டது. கூடவே கொஞ்சம் கசப்பும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். இயற்கை வளங்களின் நீடித்த பயன்பாடு, சுற்றுச்சூழல் என்று பிஎச்டிக்கு விண்ணப்பிக்கப் போகிற சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் சூடாக நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். கோர்ஸ் ஒர்க், பதிவு, ஆண்டு ரிவ்யூ எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

என் ஆய்வு, கடினப்பாறைப் பகுதியில் விவசாயிகள் நிலத்தடி நீரை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது பற்றியது. உங்கள் வளம் காடாகவோ மீனாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருக்கலாம். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும்.

அந்த ஒரு பக்கம்

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ப்ரொபோசல் எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்.

- எந்த வளம்? அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?
- இருப்பு எது, வரத்து எது, எடுப்பு எது? ஒவ்வொன்றையும் எந்த அலகில் அளக்கப் போகிறீர்கள்?
- நீடித்த என்றால் எத்தனை ஆண்டுக்கு?
- யாருடைய பயன்பாடு நீடிக்க வேண்டும்? அதற்காக யார் குறைத்துக்கொள்ள வேண்டும்?

என் கைடு முதல் சந்திப்பிலேயே இதை எழுதி வரச் சொன்னார். அந்தத் தாளை ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் முந்தின நாள் எடுத்துத் திருத்தி எழுதுவேன். வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த நான்கில்தான் விழுந்தன. "தலைப்புலயே நீடித்த பயன்பாடுன்னு போட்டிருக்கீங்க, அடுத்த மழைவரைக்குமா, அடுத்த தலைமுறைவரைக்குமா?" என்றார் முதலில். தாளில் மூன்றாவது வரி அதுதான். தொடர்ந்து மழை பொய்க்கும் ஆண்டுகள் வந்து, அதற்குப் பின் ஒரு நல்ல மழையில் நீர்மட்டம் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதுதான் என் அளவுகோல், அதனால் காலம் இவ்வளவு என்று சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இந்தத் துறையில் வருகிற ப்ரொபோசல்களில் பெரும்பாலானவை ஐ.நா. ஆணையத்தின் 1987 புருண்ட்லாந்து அறிக்கையின் வரையறையோடு தொடங்குகின்றன. வருங்காலத் தலைமுறை, இன்றைய தேவை என்று. அது நல்ல வரையறைதான். ஆனால் அதை வைத்து எந்தக் கிணற்றையும் அளக்க முடியாது. அறிமுகத்தில் ஒரு வரி போதும்.

ஒரு எண் தீசிஸையே புரட்டும்

நிலத்தடி நீர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மற்றவர்களும் படியுங்கள், உங்கள் துறையிலும் இப்படி ஒரு எண் ஒளிந்திருக்கும்.

மழைக்கு முன், மழைக்குப் பின் என்று நீர்மட்டத்தை அளந்து, உயர்ந்த உயரத்தை ஸ்பெசிஃபிக் யீல்டால் (பாறையின் கொள்ளளவில், தானாக வடிந்து வெளியேறக்கூடிய நீரின் பங்கு) பெருக்கினால் நிலத்துக்குள் இறங்கிய நீர் கிடைக்கும். கடினப்பாறையில் இந்த ஸ்பெசிஃபிக் யீல்டு மிகச் சின்ன எண். மட்டம் 3 மீட்டர் உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 1 சதவீதம் என்று எடுத்தால் 30 மில்லிமீட்டர் நீர். 2 சதவீதம் என்று எடுத்தால் 60. விவசாயிகள் எடுப்பது 45 மில்லிமீட்டர் அளவு என்றால், முதல் கணக்கில் அவர்கள் வளத்தை அழிக்கிறார்கள், இரண்டாவதில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஊரும் கிணறும் மாறவில்லை, ஒரு தசம இலக்கம் மாறியது, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

அதனால் பழைய அறிக்கையில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். மழையில்லாத மாதங்களில் வரத்து ஏறக்குறைய இருக்காது. அந்த மாதங்களில் இறைத்த நீரில், வயலிலிருந்து திரும்பக் கீழே இறங்குவதைக் கழித்து, மீதியைப் பகுதியின் பரப்பால் வகுத்து மில்லிமீட்டராக்கி, அதை மட்டம் இறங்கிய உயரத்தால் வகுத்தால் உங்கள் பகுதிக்கான ஸ்பெசிஃபிக் யீல்டு கிடைக்கும். பக்கத்திலிருந்து கசிந்து வருவது, கசிந்து போவது குறைவாக இருக்கும் இடத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. அப்படிக் கிடைத்ததையும் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்லுங்கள். வீச்சின் இரு முனையிலும் உங்கள் முடிவு நிற்கிறதா என்று ஒரு அட்டவணை போடுங்கள். என் தீசிஸில் எக்ஸ்டர்னல் அதிக நேரம் நின்ற பக்கம் அந்த அட்டவணைதான்.

அடுத்த பொறி: வரத்து எவ்வளவோ அவ்வளவு எடுத்தால் அது நீடித்த பயன்பாடு என்று நினைப்பது. கேட்க நியாயமாக இருக்கும். அமெரிக்க நீரியலாளர் தைஸ் 1940லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். கிணற்றிலிருந்து வரும் நீர் முதலில் நிலத்தடி இருப்பிலிருந்து வருகிறது. போகப் போக, முன்பு ஓடைக்கும் ஊற்றுக்கும் மரங்களுக்கும் போய்க்கொண்டிருந்த நீரைக் கிணறு தன் பக்கம் இழுக்கிறது. முழு வரத்தையும் நீங்கள் எடுத்தால் ஓடைக்கு மிச்சமில்லை. பிரெட்ஹோஃப்டும் உடன் எழுதியவர்களும் 1982ல் இதை நீர்க்கணக்குக் கட்டுக்கதை என்றே அழைத்தார்கள். ஆகவே எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்குள் எந்த ஓடை காய்ந்தால் நமக்குச் சம்மதம் என்ற கேள்வியும் இருக்கிறது. நான்காவது வரி, யாருக்காக என்பது, இங்கேதான் உயிர் பெறுகிறது. இதை உணர்ந்த நாளில்தான் என் ஆய்வு எனக்கே பிடித்துப் போனது.

மீன்வளத்துக்கு வருகிறவர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதையை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். 1992ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. மீன் தொகை சரிந்துகொண்டிருந்தபோதும் பெரிய இழுவைப் படகுகளின் பிடிப்பு விகிதம் நன்றாகவே இருந்தது, ஏனென்றால் மீதமிருந்த மீன்கள் கூடுகிற இடத்தைப் படகுகள் தேடிப் போய்ப் பிடித்தன. எடுப்பை வைத்து இருப்பைக் கணித்ததன் விலை அது. போர்வெல்லிலும் இதேதான்: ஆழப்படுத்திக்கொண்டே போனால் வயலுக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும்.

களத்தில்

வரிசையாகச் சொல்கிறேன், விளக்கம் குறைவாக.

- மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அல்லது நிறுத்திய உடனே மட்டம் அளக்காதீர்கள். கடினப்பாறையில் மட்டம் மீண்டு வர மணிக்கணக்காகும். பக்கத்துக் கிணறு ஓடினாலும் உங்கள் அளவு கெடும். விடியும் முன் போய்விடுங்கள்.
- "தினமும் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும்?" என்று கேட்டு வாங்கும் பதில் ஒரு தொடக்கம்தான். மின் பயன்பாட்டு அளவோடு ஒப்பிட வழி இருந்தால் ஒப்பிடுங்கள்.
- குழாயிலிருந்து வரும் நீரை வாளியும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்து அளப்பது நம்பகமானது. ஆனால் மட்டம் இறங்க இறங்க அதே மோட்டார் தரும் நீர் குறையும். ஒரு பருவத்தில் அளந்ததை ஆண்டு முழுக்கப் போடக்கூடாது.
- ஒரே ஊரில் நிறையக் கிணறுகளை அளந்துவிட்டு மாதிரி எண்ணிக்கை பெரிது என்று எழுதாதீர்கள். ஒரே பாறைக்குள் இருக்கும் கிணறுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஹர்ல்பர்ட் 1984ல் போலிப் பிரதி (ஒன்றையொன்று சார்ந்த அளவுகளைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணுவது) பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மாதிரியைத் திட்டமிடுங்கள்.
- ஈர்ப்பு விசை மாற்றத்தை வைத்து நீர் இருப்பின் மாற்றத்தைக் கணிக்கும் கிரேஸ் செயற்கைக்கோள் தரவு கவர்ச்சியாக இருக்கும். 2002ல் ஏவப்பட்டதும் சரி, 2018ல் அதன் தொடர்ச்சியாக வந்ததும் சரி, சில நூறு கிலோமீட்டர் அகலத்தில்தான் பார்க்கும். ஒரு சிற்றாற்றுப் படுகைக்கு அது உதவாது.
- கிணற்றின் இருப்பிடத்தோடு சொந்தக்காரர் விவரத்தைச் சேர்த்து எந்த வரைபடத்திலும் போடாதீர்கள்.

நான் கூட்டமாக வேலை செய்கிற ஆள் இல்லை. களத்துக்குத் தனியாகப் போவேன், நோட்டில் கையால் எழுதுவேன், இரவில் அதைக் கணினியில் ஏற்றுவேன். மெதுவான முறைதான். ஆனால் எண்ணை இரண்டு தடவை தொடும்போது தவறான அளவு கண்ணில் பட்டுவிடும், மறுநாளே போய்த் திரும்ப அளக்கலாம். டேப்லெட்டில் நேரடியாகப் பதிவு செய்கிற நண்பர்கள் வேகமாக முடித்தார்கள். எனக்கு என் முறைதான் சரி என்று இப்போதும் நம்புகிறேன், அமைதியான சுபாவம் இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

என்ன படிப்பது

எலினோர் ஆஸ்ட்ரமிடமிருந்து தொடங்குங்கள். 2009 பொருளாதார நோபலுக்குப் பிறகு எல்லோரும் பொது வளத்தை மக்களே நீண்டகாலம் நிர்வகிப்பது பற்றிய அவருடைய எட்டு வடிவமைப்புக் கொள்கைகளை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எட்டையும் பட்டியலாக வைத்துக்கொண்டு தன் ஊருக்கு டிக் போடுவது ஆய்வு ஆகாது. 1965ல் முடித்த அவருடைய சொந்த பிஎச்டி எதைப் பற்றி என்று பாருங்கள்: தெற்குக் கலிஃபோர்னியாவில், கடல்நீர் உள்ளே புகுந்துகொண்டிருந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகையை, அதைப் பயன்படுத்தியவர்களே எப்படிக் கூடி நிர்வகித்தார்கள் என்பது. கோட்பாடு பின்னால் வந்தது. முதலில் ஒரு படுகை, அதன் மனிதர்கள், அவர்களின் வழக்குகள், பேச்சுவார்த்தைகள். வளம் பற்றிய பிஎச்டிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பொது வளத்தை ஆளாளுக்கு எடுத்து அழித்துவிடுவார்கள் என்று வாதிட்ட ஹார்டினின் 1968 கட்டுரையை அவரை மறுத்தவர்களோடு சேர்த்தே படியுங்கள். யாருக்கும் சொந்தமில்லாத வளம் வேறு, ஒரு குழுவுக்குப் பொதுவான வளம் வேறு. இந்த வேறுபாட்டை இரண்டு நிமிடத்தில் உதாரணத்தோடு சொல்லத் தெரியாமல் நேர்முகத்துக்குப் போகவே போகாதீர்கள். நிச்சயம் கேட்பார்கள்.

அப்புறம் சொட்டுநீர்ப் பாசனம். வயல் அளவில் நீர் மிச்சமாகும். படுகை அளவில் மிச்சமாகும் என்று சொல்ல முடியாது. முன்பு கீழே இறங்கித் திரும்பக் கிணற்றுக்கு வந்த நீர் குறைகிறது, மிச்சமான நீரில் கூடுதல் நிலம் பயிராகிறது. கிராஃப்டனும் மற்றவர்களும் 2018ல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்குகிறது. எந்தச் சேமிப்புத் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதினாலும் எந்த எல்லைக்குள் சேமிப்பு என்று சொல்லுங்கள். ஆம், மறுபடியும் அந்தத் தாளின் முதல் வரி.

கசப்பு

இரண்டு விஷயம். முதலாவது, இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்கிற வேதனை. ஒரு ஆய்விதழ் இது நீரியல் இல்லை, சமூகவியல் என்று பேப்பரைத் திருப்பி அனுப்பியது. இன்னொன்று, சமூகவியல் கோட்பாடு போதவில்லை என்றது. ரிவ்யூ குழுவிலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இது உங்களுக்கும் நடக்கும். நான் கண்ட வழி: ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு துறையின் முறைப்படி முழுசாக நிற்க வையுங்கள். நீர்க்கணக்கு அத்தியாயத்தை ஒரு நீரியலாளர் தனியாகப் படித்தாலும் குறை சொல்லக் கூடாது. விதிகள், சண்டைகள், உடன்பாடுகள் பற்றிய அத்தியாயத்தை ஒரு சமூகவியலாளர் தனியாகப் படித்தாலும் அப்படியே. இரண்டையும் கோர்ப்பது கடைசி அத்தியாயத்தின் வேலை. எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் கலந்தால் இரு தரப்பும் நம்பாது.

இரண்டாவது, தரவு. ஒரு அலுவலகம் பழைய நீர்மட்டப் பதிவுகளைத் தருவதாகச் சொல்லிச் சொல்லியே காலம் கடத்தியது. கடிதம், நினைவூட்டல், நேரில் காத்திருப்பு என்று போனது. கடைசியில் வந்த கோப்பில் பல ஆண்டுகள் காலியாக இருந்தன. பொதுமக்கள் பணத்தில் சேர்த்த தரவு அது, இன்னும் ஆறவில்லை. மைய அத்தியாயத்தை என் சொந்த அளவீட்டின் மேல் கட்டியிருந்ததால் பிழைத்தேன். அடுத்தவர் தரும் தரவு துணை அத்தியாயத்துக்கு மட்டும் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கைடிடம் சேரும் முன் கேட்க வேண்டியவை

- உங்களிடம் முடித்தவர்களோடு நான் பேசலாமா?
- களச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அது நடுவில் நின்றால் என்ன ஏற்பாடு?
- சேகரிக்கும் தரவு யாருக்குச் சொந்தம்? பேப்பரில் பெயர் வரிசை எப்படி?
- வேறு துறையிலிருந்து ஒரு இணை கைடு வைத்துக்கொள்ளச் சம்மதமா?
- முடிவுகளை அந்த ஊர் மக்களிடம் கொண்டுபோய்ச் சொல்வதற்கு நேரம் தருவீர்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) கொடுப்பதற்கு முன்பே நான் வரைபடங்களை எடுத்துக்கொண்டு போய், கிணற்றுக்காரர்களை உட்கார வைத்துக் காட்டினேன். ஒரு கிணற்றின் மட்டம் மட்டும் ஏன் தனியாக ஏறுகிறது என்று எனக்குப் புரியாமலே இருந்தது. பக்கத்துப் பழைய கல்குழியில் மழைநீரைத் திருப்பி விட்டிருந்ததை அங்கேதான் ஒருவர் சொன்னார். அந்தத் தகவல் தீசிஸில் ஒரு முழுப் பகுதியானது, அவர்கள் அனுமதியோடு.