காலி வண்டியில் பேசிய பேச்சு

பெங்களூரில் கம்பெனி ஊழியர்களை ஏற்றிச் செல்லும் ஸ்டாஃப் வண்டி ஓட்டுகிறேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். பி.டி.எம்., எச்.எஸ்.ஆர். லேஅவுட் ஏரியாவில் ஆட்களை ஏற்றி எலக்ட்ரானிக் சிட்டியில் இறக்குவது என் ரூட். பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் ஒரு செய்தி சொன்னார்கள். 1981இல் ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் ஆய்வாளர் கேட்டபோது, அமெரிக்கக் குழுவில் நூற்றுக்கு 93 பேர் தாங்கள் சராசரி ஆளைவிட நன்றாக ஓட்டுவதாகச் சொன்னார்களாம். அறையில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதே வகுப்பில்தான் லியோன் ஜேம்ஸ் பற்றியும் கேள்விப்பட்டேன். ஹவாய் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். ஓட்டும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லி, டேப்பில் பதிந்து, பிறகு கேட்டுப் பார்க்கச் சொன்னவர். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வண்டி காலியாக ஓடும் நேரங்களில், கிளம்பும் முன்பே போனில் ரெக்கார்டரைப் போட்டுவிடுவேன். ராத்திரி வீட்டில் கேட்பேன்.

முதலில் காதில் விழுந்தது, யாரிடம் என்ன குரலில் பேசுகிறேன் என்பது. ஸ்டாப்பிலிருந்து பி.எம்.டி.சி. டவுன் பஸ் இண்டிகேட்டர் போடாமல் மூக்கை நீட்டினால், "போங்க, போங்க" என்கிறேன். அதே காரியத்தைக் கார் செய்தால் "ஏன் குரு" என்கிறேன், கன்னடத்தில் 'என்னப்பா' என்பது போல. முதுகில் சாப்பாட்டுப் பையோடு ஒரு டெலிவரி பையன் பைக்கில் குறுக்கே வந்தால், "ஏய், கண்ணு தெரியல?" மூன்று பேர் செய்ததும் ஒன்றுதான். பஸ் என்னை நசுக்கிவிடும், பையனால் அது முடியாது. என் கோபம் தப்பை அளக்கவில்லை, ஆளை அளக்கிறது. அதிலும் அந்தப் பையன் என்னைப் போலவே கடிகாரத்துக்கு ஓடுகிறவன். மற்ற எவரையும்விட அவனைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது இன்னும் முக்கியம். கையில் நேரம் இருக்கும் காலைகளில் மகளின் ஸ்கூல் ஃபீஸ், மழை, ஊரில் மாங்காய் விலை என்று ஏதோ பேசிக்கொண்டு போகிறேன். பைக்குகள் குறுக்கே வரத்தான் வருகின்றன, குரல் ஏறவில்லை. முந்தின டிராப் இழுத்துவிட்டு, அடுத்த பிக்கப்புக்கு ஓடும் நாளில் பேச்சு துண்டு துண்டாகிறது. "எடு, எடு, எடு." சிக்னல்கூட என்னைப் பிடித்து வைக்கவே சிவப்பானது போலத் திட்டுகிறேன். ஆள் ஒருவன், ரோடு ஒன்று, மாறியது நேரம் மட்டும். முன்கோபம் என் சுபாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. என்னிடம் இருப்பது லேட் ஆகிவிடுமோ என்ற பயம். வாயில் வரும்போதுதான் அது கோபமாக வருகிறது.

அந்தப் பயம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது என்று கணக்குப் போட்டேன். 2010இல் திறந்த எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 60இல் போனால் 10 நிமிடம், 80இல் போனால் ஏழரை. மிச்சம் இரண்டரை நிமிடம். டோலில் நாலு வண்டி நின்றால் அதில் பாதி போய்விடும். ஆனால் 80இல் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரமோ 60இல் இருப்பதைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. பின்சீட்டில் ஆள் வைத்துக்கொண்டு செய்கிற வியாபாரம் இல்லை இது.

என் வண்டியில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர் வருவார். ஒரு மழை நாள், சில்க் போர்டு சந்திப்பில் வண்டி அசையவில்லை. நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது பின்னாலிருந்தே தெரிந்திருக்கும்போல. "அண்ணா, மெதுவாவே போங்க. லேட்டானா மேனேஜர்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். தோள் தானாக இறங்கியது. முன்னால் லேனில் நுழையக் காத்திருந்த ஆட்டோவுக்கு வழி விட்டேன். எந்த வகுப்பும் என்னிடம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்ததில்லை. நேரத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதனால்தான் டிரைவர் தன்னைத் திருத்திக்கொண்டால் போதும் என்ற பேச்சோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கேட்டுத் திருத்த வேண்டியது என்னிடம் உண்டு. பைக் பையனிடம் பேசும் குரல் அதில் முதல். ஆனால் பயத்தின் பாதி, யாரை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று கொடுக்கும் ட்ரிப் ஷீட்டில் எழுதப்பட்டு வருகிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்று சொன்னது. மூச்சு விடாமல் ட்ரிப்புக்குப் பின் ட்ரிப் போடுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் இரண்டு விஷயம் கேட்டேன். மழை நாளில் முதல் பிக்கப்பை முன்கூட்டி வைப்பது, ஒரு டிராப்புக்கும் அடுத்த பிக்கப்புக்கும் நடுவே இடைவெளி விடுவது. முதலாவதை ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதை அடுத்த மீட்டிங்கில் மறுபடி கேட்கப் போகிறேன்; கூட வர இன்னும் சில டிரைவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.