கோர் டம்ப்பில் இல்லாமல் போன ரெஜிஸ்டர்கள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருந்து நாங்கள் பராமரிக்கும் ஒரு படச் செயலாக்கப் புரோகிராம், வாடிக்கையாளரின் சேர்வரில் இடைக்கிடை பிழையான விடை கொடுத்துக்கொண்டிருந்தது. புரோகிராமை நிறுத்திப் பார்க்க வழியில்லை. எங்கள் சொந்த டிபக்கரால் (பிழை தேடும் கருவி), அது ஓடும்போதே கோர் டம்ப் எடுத்தோம். அதாவது, அந்த நேரத்து நினைவகத்தையும் ரெஜிஸ்டர்களையும் (சிபியுவுக்குள் எண்கள் நிற்கும் சிறு இடங்கள்) ஒரு ஃபைலில் பிடித்து வைத்தோம்.

டம்ப்பை ஜிடிபி என்ற பொது டிபக்கரில் திறந்தேன். ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அடுக்கு) ஒழுங்காக வந்தது. கணக்கு நடக்கும் ஒய்எம்எம்0 ரெஜிஸ்டரைக் கேட்டால் மட்டும் 'வாய்ட்' என்றது. அப்படியொரு ரெஜிஸ்டரே இல்லையாம்!

ரீட்எல்ஃப் கட்டளையால் டம்ப்பின் நோட்களை, அதாவது ரெஜிஸ்டர் போன்ற விவரங்கள் நிற்கும் பெயரிட்ட பகுதிகளை, பார்த்தேன். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை) பொது ரெஜிஸ்டர்களுக்கு ஒன்று, ஃப்ளோட்டிங் பாயின்ட்டுக்கு (தசம எண் கணக்கு) ஒன்று, அவ்வளவுதான். அதே சேர்வரில் ஒரு சோதனைப் புரோகிராமை விழவைத்து லினக்ஸ் கேர்னலே எழுதிய டம்ப்பில் எக்ஸ்ஸ்டேட் என்ற நோட்டும் இருந்தது. ஒய்எம்எம்மின் கீழ் 128 பிட் பழைய நோட்டிலேயே கிடைக்கும். மேல் 128 பிட் எக்ஸ்ஸ்டேட்டில் மட்டும்தான். எங்கள் டிபக்கர் அந்த நோட்டை எழுதவே இல்லை.

ஓடும் புரோகிராமுக்குள் பார்க்க லினக்ஸ் தரும் பிட்ரேஸ் அழைப்பிடம் அந்த ரெஜிஸ்டர் தொகுதியைக் கேட்டு வாங்குவது லேசு. பெரிய பஃபர் கொடுத்தால் உண்மையான நீளத்தைக் கேர்னலே திருப்பிச் சொல்லும். ஏவிஎக்ஸ் (ஒய்எம்எம் ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்தும் சிபியு கட்டளைத் தொகுதி) வரை மட்டும் உள்ள அந்த மெஷினில் 832 பைட்: பழைய பகுதி 512, ஹெடர் 64, மிச்சம் 256 பைட்டில் பதினாறு ரெஜிஸ்டர்களின் மேல்பாதிகள்.

அதை டம்ப்பில் எழுதும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மற்ற இரண்டு நோட்டுக்கும் பெயர் 'கோர்'. எக்ஸ்ஸ்டேட் நோட்டுக்கு 'லினக்ஸ்' என்று இருக்கவேண்டும். பெயர் மாறினால் ஜிடிபி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

"அண்ணை, எல்லா த்ரெட்டின்ர எக்ஸ்ஸ்டேட் நோட்டையும் கடைசியில சேர்த்துப் போட்டா என்ன?" என்று கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் எக்ஸ்ஸ்டேட் நோட்டுக்குள் த்ரெட் எண் கிடையாது. தனக்கு முன்னால் கடைசியாக வந்த பொது ரெஜிஸ்டர் நோட்டின் த்ரெட்டோடுதான் ஜிடிபி அதைச் சேர்க்கும். அதனால் ஒவ்வொரு த்ரெட்டின் நோட்களும் ஒன்றாகவே நிற்கவேண்டும்.

சரி, பழைய டம்ப்? எழுதாமல் விட்ட மேல்பாதியை அதிலிருந்து மீட்கவே முடியாது. பிழை திரும்ப வரும்வரை காத்திருந்து புதிதாக எடுத்தோம். இந்த முறை ஒய்எம்எம்0 முழுதாக வந்தது. மேல்பாதியில் இருந்தவை படத்தின் வரி முடிந்த பிறகும் வாசித்த குப்பை எண்கள். லூப்பின் எல்லையைத் திருத்தி அன்றைக்கே அனுப்பினோம்.