பொன் பூசிய கோப்பைக்கு வரும் நோய்

அரசவைக் கோப்பைகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பொன்னைப் பார்ப்பார்கள், அப்புறம் செதுக்கலை. அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்யும் என் கண் முதலில் கண்ணாடிக்குத்தான் போகும். தெளிவாக இருக்கிறதா, மங்கத் தொடங்கிவிட்டதா?

எனக்கு மிகவும் பிடித்தவை, பெர்லினை அடுத்த போட்ஸ்டாமில் பிராண்டன்பர்க் என்ற பழைய ஜெர்மன் அரசின் அவைக்காகச் செய்த மூடி போட்ட கோப்பைகள். அந்தக் கண்ணாடிப் பட்டறை 1674-இல் தொடங்கியது. பொன்னைக் கலந்து மாணிக்கச் சிவப்புக் கண்ணாடி செய்த யோஹான் குங்கெல் அங்கேதான் வேலை பார்த்தார். அவருக்கு அருகிலுள்ள மயில் தீவில் தனி ஆய்வுக்கூடமே கொடுத்திருந்தார்கள். 1689-இல் அது எரிந்துபோனது.

செதுக்குகிறவர் சுழலும் சின்னச் செம்புச் சக்கரத்தில் எண்ணெயும் எமரி என்ற கடினக் கல்லின் பொடியும் தடவி, கோப்பையை அதில் பிடித்துத் திருப்புவார். சக்கரம் பட்ட இடம் சொரசொரப்பாக வெளுத்துவிடும். அந்தப் பள்ளத்தில் பொன் பூசுவது போட்ஸ்டாம் வழக்கம். உருப்பெருக்கியில் பார்த்தால், செதுக்கிய கழுகின் ஒவ்வொரு இறகின் அடியிலும் பொன் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். மேடான இடங்களிலும் விளிம்பிலும் தேய்ந்திருக்கும். விருந்தில் அரசரை வாழ்த்தி ஒருவர் குடித்து அடுத்தவர் கைக்குக் கொடுத்த கோப்பைகள் அல்லவா?

கோப்பைக்கு நோய் வருவது உள்ளிருந்து. பளிங்கு போன்ற தெளிவு வேண்டும் என்று கண்ணாடிக் கலவையில் சேர்க்கும், மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷ் என்ற காரப்பொருளைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார்கள். அழுக்கோடு சுண்ணாம்புச் சத்தும் போய்விட்டது. கண்ணாடியை நிலைக்க வைப்பது அதுதான். அது குறைந்தால், காற்றிலுள்ள ஈரம் உள்ளிருக்கும் காரத்தை வெளியே இழுக்கும். தொட்டால் சோப்புப் போல வழுக்கும். காற்று காய்ந்தாலோ மேற்பரப்பு சுருங்கி, வலைபோல நுண்விரிசல் விழும். விழுந்த விரிசலைச் சரிசெய்ய வழியில்லை. ஈரப்பதத்தைச் சுமார் 40 சதவீதத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருப்பது ஒன்றே எங்களால் முடிந்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் மீட்டரைப் போய்ப் பார்த்துவிடுவேன்.

பிற்பாடு கலவையில் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள், கண்ணாடி தேறியது. கண்காட்சி வரும்போதெல்லாம் மங்கிய கோப்பைகளைக் கிடங்கில் விட்டுவிடலாம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. தெளிவான கோப்பையின் பக்கத்திலேயே, மங்கியதற்கு ஏற்ற ஈரப்பதமுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். இரண்டிலும் செதுக்கியவரின் உழைப்பு ஒன்றுதான்.