அறுபது மாத்திரைக் கணக்கு

4.11.2025, செவ்வாய்

வலிப்புக்கான லெவெடிராசிடம் 500 மி.கி. மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. 30 நாளைக்கு 60 மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ‘மருந்துதான் சும்மா கிடைக்குதே’ என்பார்கள். நரம்பியல் ஓபி செவ்வாய் மட்டும். வலிப்புள்ளவரைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப வீட்டில் மனசு வராது, துணைக்கு ஒருவர் போகணும். ஆளுக்கு 600 ரூபாய் கூலி என்று வைத்தால் அங்கேயே 1,200 போச்சு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர் பஸ்ஸில் உண்டு. சாப்பாடும் சேர்ந்தால் 1,500-ஐத் தொடும்.

6.11.2025

செவ்வாய்க்கிழமை 30 நாளில் திரும்பி வராது. 28-ஆம் நாள் வரும், அதை விட்டால் 35. நடவு, சாவு, மழை என்று தவறினால் 5 நாளைக்கு 10 மாத்திரை துண்டு விழும். உடனே காலை மாத்திரையை நிறுத்தி, இரவுக்கு மட்டும் போட்டு இழுப்பார்கள். வம்பு அங்கேதான். இந்த மருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். இரவு 8 மணிக்குப் போட்டதில் மறுநாள் இரவு எட்டில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

மக்கள் மருந்தகத்தில் சீட்டைக் காட்டி 10 மாத்திரை அட்டை ஒன்று வாங்கி வைப்பது நல்லது. அது அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கும் ஐந்நூறு ரூபாய் மாதிரி. புது மருந்து வந்ததும் பழைய அட்டையைப் பிரித்துவிட்டு, புதியதில் ஒன்றைக் கையிருப்பாக வைக்கணும், காலாவதி ஆகாது.

11.11.2025

வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில் சிஆர் வகை இல்லையென்று கடையில் சாதா மாத்திரை தந்தால் டாக்டரைக் கேட்காமல் மாற்றக்கூடாது. சிஆர் மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தது. பொடித்துக் கொடுத்தால் அந்த வேலையே கெட்டுப்போகும்.

17.11.2025

தேசிய வலிப்பு நோய் நாள். விழிப்புணர்வு ஊர்வலம் போகும் தெருவிலேயே யாருக்காவது இழுத்தால் முதலில் தேடுவது சாவிக்கொத்து. இரும்பு ஒன்றும் செய்யாது. கடிகாரத்தைப் பார், ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே. 5 நிமிடத்தைத் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்பிரே, 108-க்கு போன். ஸ்பிரேயில் குழப்பம் ஒன்று உண்டு: ஒரு அழுத்துக்கு 0.5 மி.கி. வருவதும் இருக்கிறது, 1.25 மி.கி. வருவதும் இருக்கிறது. 5 மி.கி. போகணும் என்றால் முதலாவதில் 10 அழுத்து, இரண்டாவதில் 4. எத்தனை அழுத்து என்று டாக்டரிடம் கேட்டு பாட்டிலிலேயே பிளாஸ்திரி ஒட்டி எழுதி வைக்கணும். அந்த நேரத்தில் யாருக்கும் கணக்கு வராது.

22.11.2025

காகித வேலை. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த ஒரு வரியில் பிழைப்பே போகும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 ஊனப் பட்டியலில் வலிப்பு தனியாக இல்லை, கூடவே அறிவுவளர்ச்சிக் குறைபாடு மாதிரி வேறொன்று இருந்தால்தான் சான்றிதழுக்கு வழி. இந்துத் திருமணச் சட்டத்தில் 1999 வரை வலிப்பு ஒரு தடையாக இருந்தது. சட்டம் எடுத்துவிட்டது. தரகர் இன்னும் எடுக்கவில்லை.

2.12.2025, செவ்வாய்

நாளை கார்த்திகை தீபம். திருவண்ணாமலை வழி பஸ்ஸில் ஏற இடமில்லை, ஓபி தவறியது. கையில் 4 மாத்திரை, 4-ஆம் தேதி காலையோடு சரி. அன்று இரவு கையிருப்பு அட்டையைப் பிரித்தால், பத்தாவது மாத்திரை 9-ஆம் தேதி காலை ஓபிக்குக் கிளம்பும்முன்.