தாராசுரத்தில் அடியார்களைத் தேடி

கும்பகோணத்துக்கு விடுமுறையில் வருகிறவர்கள் பலரும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். ராஜகம்பீரன் திருமண்டபத்தைத் தேர் போல இழுத்துச் செல்லும் கல் குதிரை, சக்கரம், ஒரே தலையில் காளையும் யானையும் தெரிகிற சிற்பம், பலிபீடத்தருகே தட்டினால் ஒலி எழுப்பும் படிகள் (இப்போது கம்பி வலை போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள்), இவ்வளவையும் பார்த்ததும் வண்டி ஏறிவிடுகிறார்கள். அவையெல்லாம் அற்புதங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சைவர்களுக்கு இந்தக் கோயிலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. கருவறையைச் சுற்றி வரும்போது சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். சிவனடியார்களான அறுபத்து மூன்று நாயன்மார்களும் அங்கே வரிசையாக இருக்கிறார்கள்.

இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இது. அவனுடைய தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் அந்த அடியார்களின் வரலாறான பெரியபுராணத்தைப் பாடினார். தில்லையில் (சிதம்பரத்தில்) அந்த நூல் அரங்கேறி ஒரு தலைமுறைக்குள் இங்கே அது கல்லிலும் ஏறிவிட்டது. அடியார்களின் வரலாற்றைக் கேட்டு உருகிய மக்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே சிற்பி உளியை எடுத்திருக்கிறான். அதை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அம்மாவுக்குப் பெரியபுராணக் கதைகள் அத்துப்படி. சிறு வயதில் எங்களுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னவை அவை. கோயிலில் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விட்டதால், அவர் ஒவ்வொரு சிற்பத்துக்கு முன்னும் நின்று, என் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். சில சிற்பங்களோடு பெயரும் பொறித்திருக்கிறார்கள். எழுத்துகள் பழையவை, நமக்குச் சட்டென்று வாசிக்க வராது. அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அவர் அதிக நேரம் நின்றது முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட சிற்பத்தின் முன்னால். நாயன்மார்களில் ஒருவரான சுந்தரர் அவிநாசிக்குப் போகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, பையனுக்குப் பூணூல் கல்யாணம். எதிர்வீட்டில் அழுகை. அந்தப் பையனோடு குளிக்கப் போன அவர்கள் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கிவிட்டது. இருந்திருந்தால் அவனுக்கும் இன்று பூணூல். அழுதுகொண்டிருந்த பெற்றோர், சுந்தரர் வந்திருக்கிறார் என்று அறிந்ததும் துயரத்தை மறைத்துக்கொண்டு முகம் மலர்ந்து வணங்க வருகிறார்கள். அம்மா இந்த இடத்தில் எப்போதும் குரல் தழுதழுப்பார், இங்கும் அப்படித்தான். சுந்தரர் வற்றிக் கிடந்த மடுவின் கரைக்குப் போய், ‘கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே’ என்று இறைவனிடம் கேட்கிறார். முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கொடுக்கிறது, இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் சேர்த்து! இத்தனையையும் தாங்குகிற அந்தச் சிற்பம் மிகச் சிறியது. என் மகள் தரையில் உட்கார்ந்துதான் பார்த்தாள்.

காலனுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. சாபத்தால் உடல் எரிந்த எமன் இங்கே வந்து குளத்தில் நீராடி வெம்மை தணிந்தான் என்பது தல வரலாறு. அதனால் அது எம தீர்த்தம். துர்வாசர் சாபத்தால் வெண்ணிறம் இழந்த இந்திரனின் யானை ஐராவதம் பூசித்து நிறம் பெற்றதால் சுவாமிக்கு ஐராவதேசுவரர் என்று பெயர். அம்பாள் தெய்வநாயகி பக்கத்திலேயே தனிக் கோயிலில் இருக்கிறாள். அங்கே போகாமல் திரும்புகிறவர்கள் நிறைய. தயவுசெய்து போய் வணங்குங்கள்.

2004-இல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. புல்வெளியும் சுத்தமும் மனதுக்கு இதமாக இருக்கின்றன. சிற்பங்களைத் தொட்டுத் தடவாமல், திருநீறோ எண்ணெயோ பூசாமல் பார்த்தால் இன்னும் பல தலைமுறைக்கு அவை இருக்கும். வடபுறத் திருச்சுற்றுச் சுவரில் இருக்கும் நூற்றெட்டு சிவனடியார் உருவங்களையும் தவறவிடாதீர்கள்.

தாராசுரத்தோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. கல்லில் பார்த்த அடியார்கள் நடந்த மண் சுற்றிலும் கிடக்கிறது. சில கிலோமீட்டரில் பழையாறை. சோழர்களின் தலைநகராக இருந்த ஊர், இன்று வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிறது. மங்கையர்க்கரசியாரும் அமர்நீதி நாயனாரும் பிறந்த ஊர் அது. அங்குள்ள வடதளி என்ற கோயிலில் மறைக்கப்பட்டிருந்த சிவலிங்கத்தைக் காணாமல் உண்ணமாட்டேன் என்று நாயன்மார்களில் ஒருவரான அப்பர் பட்டினி கிடந்தார்.

பட்டீசுவரத்தில் கூட்டம் துர்க்கைக்குத்தான். நாங்கள் முதலில் நந்தியைப் பார்த்தோம். வெயிலில் நடந்து வந்த ஞானசம்பந்தப் பிள்ளைக்கு முத்துப்பந்தல் அனுப்பிய இறைவன், அந்தப் பந்தலின் கீழ் அவர் வரும் அழகைத் தான் காண வேண்டும் என்று நந்தியை விலகச் சொன்னாராம். நந்தி இன்றும் நேர் எதிரே இல்லை, ஒதுங்கித்தான் இருக்கிறது. பந்தல் விழா ஆனி மாதத்தில் நடக்கிறது.

பக்கத்திலேயே திருச்சத்திமுற்றம். அம்பிகை சிவலிங்கத்தைத் தழுவி நிற்கும் தலம். கூற்றம் (எமன்) வரும் முன் ‘பூவாரடிச் சுவடு என்மேல் பொறித்துவை’ என்று அப்பர் மன்றாடியது இங்கேதான். நல்லூருக்கு வா என்று பதில் வந்தது. அப்பர் போனார், திருவடி அவர் தலையில் பதிந்தது.

நாங்களும் மாலையில் நல்லூர் போனோம். பெருமாள் கோயிலில் போலவே இந்தச் சிவன் கோயிலிலும் இறைவன் திருவடி பொறித்த சடாரியைத் தலையில் சாத்துகிறார்கள், அப்பர் பெற்ற பேற்றின் நினைவாக. பழையாறை அமர்நீதியார், அடியார் வேடத்தில் வந்த இறைவன் தந்து வைத்துத் தொலைந்துபோன ஒரு கோவணத்துக்கு ஈடாகச் செல்வம் அத்தனையும் வைத்தும் தராசு சமனாகாமல், மனைவி மகனோடு தாமே தட்டில் ஏறியதும் இதே நல்லூரில்தான். காலையில் தாராசுரத்தில் கேட்ட கதைகளில் பாதி இங்கே வந்து முடிந்தன.

அடுத்த விடுமுறைக்கு அவிநாசி என்று அம்மா வண்டியிலேயே சொல்லிவிட்டார்.