எண்ணெய் வைத்த தலையும் இயல்பான இ.இ.ஜி.யும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு, நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துத் தேர்வுக்குப் படித்த மறுநாள் காலையில் வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டார் சாவிக்கொத்தைக் கையில் திணித்தபோது நானும் தடுக்கவில்லை. இரும்பால் வலிப்பு நிற்காது என்பதும், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனைக்கு 18 நாள் காத்திருந்து, விடியற்காலைப் பேருந்தில் போய்ச் சேர்ந்தோம். வழக்கம்போல் எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடை. பரிசோதனை எடுப்பவர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிசுக்கில் வயர் ஒட்டாது என்று திருப்பி அனுப்பினார். தேதி எழுதிக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முந்தின நாளே ஷாம்பூ போட்டு அலசுங்கள். இரவில் எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டு வாருங்கள்.

அடுத்த முறை எடுத்த அறிக்கை 'இயல்பு' என்றது. உறவினர்கள் நிம்மதியடைந்தார்கள், நானும் அத்தோடு ஊர் திரும்பிவிடவே நினைத்தேன். ஆனால் அரை மணி நேரப் பதிவில் ஒன்றும் சிக்கவில்லை என்பதால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. நரம்பியல் மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "காலையில் கையில் இருப்பது தானாக எகிறி விழுமா?" என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஓராண்டாகப் பல் துலக்கும் பிரஷ் தெறித்ததற்கும் காப்பி டம்ளர் சிந்தியதற்கும் 'கவனமில்லை' என்று நான் திட்டியிருக்கிறேன். அதனாலேயே அவள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

தூக்கத்தைக் குறைத்து எடுத்த மறுபதிவும் உறுதி செய்தது: இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு, அதாவது கை திடீரெனத் துள்ளும் வகை. இதற்கு வால்ப்ரோயேட் என்ற மருந்து நன்றாகக் கேட்கும் என்றாலும், பின்னாளில் கருவுற்றால் சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதால் லெவெடிராசிட்டம் கொடுத்தார். கார்பமசெபின் போன்றவை இந்த வகைத் துள்ளலைக் கூட்டக்கூடும் என்றும் எச்சரித்தார். ஆகவே வலிப்பு மாத்திரை என்ற பெயரில் எதையும் மாற்றி வாங்காதீர்கள். லெவெடிராசிட்டம் தொடங்கிய முதல் சில வாரங்கள் அவளுக்குக் கோபம் அதிகம் வந்தது. அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம். ஒரு வாரத்துக்கு மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுகிறோம். மருந்துக்கடை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை விட்டுப்போய், மறுநாள் காலை அவள் கையிலிருந்த சீப்பு தெறித்ததைப் பார்த்த பிறகு.